அம்பு அறும் தூணி



பெற்றோர் சந்திப்பு நாளன்று தவறாமல் என் முன் வைக்கப்படும் கேள்வி ஒன்றுண்டு. "டீச்சர், பையன் எந்நேரமும் கேம்தான். அடியோடு நிறுத்திடவா?" என்பதே அது. ஆம் என்றோ இல்லை என்றோ நான் உடனே சொல்வதில்லை. "அந்த விளையாட்டில் அம்பு தீருமா?" என்று திருப்பிக் கேட்பேன். கேட்டவர் சற்றே விழிப்பார். பக்கத்தில் நிற்கும் மகன் மட்டும் சிரிப்பான். அவனுக்குக் கேள்வி புரிந்துவிடும்.

இக்கேள்வியை நான் ஏன் கேட்கிறேன் என்பதை விளக்கவே இக்கட்டுரை.

நம் மொழியில் அம்புக் கூட்டுக்கு 'அம்பறாத்தூணி' என்று பெயர். பிரித்துப் பார்த்தால் அம்பு, அறா, தூணி. அம்பு அற்றுப்போகாத தூணி, அதாவது எடுக்க எடுக்கக் குறையாத கூடு. எத்துணை அழகிய சொல்! ஆயினும் அச்சொல்லுக்குள் ஒரு மறைப்பும் இருக்கிறது. எந்தத் தூணியிலும் அம்பு தானாக முளைப்பதில்லை. யாரோ மரம் வெட்டினார், யாரோ இரும்பு உருக்கினார், யாரோ சுமந்து வந்து மதிற்சுவரின் மேல் சேர்த்தார். அவ்வளவு பேரையும் 'அறா' என்ற ஒரே சொல்லில் நாம் மறந்துவிடுகிறோம்.

நம் பிள்ளைகள் விளையாடும் கோட்டை விளையாட்டுகளில் பெரும்பாலானவை அம்பறாத்தூணி வகையைச் சேர்ந்தவைதாம். 1997இல் வெளிவந்த 'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ்' தொடரைத் தெரியாத மாணவன் அந்நாளில் அரிது. செந்தூல் கணினி மையங்களில் மாலை வேளைகளில் ஒலித்ததெல்லாம் அதன் போர்முரசுதான். மரமும் பொன்னும் கொடுத்து ஒரு வில்லாளனை ஒருமுறை உருவாக்கிவிட்டால் போதும். அவன் சாகும்வரை எய்துகொண்டே இருப்பான். அம்புக்குக் கணக்கே கிடையாது. 2001இல் வந்த 'ஸ்ட்ரோங்ஹோல்ட்' ஒரு படி மேல். அங்கு வில்லைச் செய்யத் தனியே ஒரு தொழிலாளி உண்டு. அவருக்கு மரம் வேண்டும். அவர் செய்த வில் படைக்கலக் கொட்டிலில் இருந்தால்தான் புதிய வில்லாளனைச் சேர்க்க முடியும். ஆனால் அதிலும் அம்பு இலவசம். வில்லுக்குக் கணக்கு வைத்தவர்கள் அம்புக்கு வைக்காமல் விட்டுவிட்டார்கள்.

அம்பு தீரும் விளையாட்டு ஒன்றுண்டு. அதன் பெயர் 'துவார்ஃப் ஃபோர்ட்ரஸ்'. குள்ளர் கோட்டை எனலாம். டார்ன் ஆடம்ஸ், சாக் ஆடம்ஸ் என்னும் உடன்பிறந்தார் இருவர் உருவாக்கியது. 2006 ஆகஸ்டில் முதன்முதலில் வெளிவந்தபோது அதில் படமே இல்லை. எழுத்துகளும் குறியீடுகளுமே திரையை நிறைத்திருந்தன. படங்களோடு கூடிய பதிப்பு 2022 டிசம்பரில்தான் விற்பனைக்கு வந்தது. மலையைக் குடைந்து குடியிருப்பு அமைக்கும் குள்ளர் கூட்டம் ஒன்றை நாம் வழிநடத்த வேண்டும். உணவு, உடை, படுக்கை, கள், கல்லறை என அனைத்துக்கும் பொறுப்பு நம்முடையதே. பகைவர் வருவர். எதிர்க்கக் குறுக்குவில் ஏந்திய வீரர்கள் வேண்டும்.

இங்கேதான் கதை தொடங்குகிறது.

குறுக்குவில்லில் எய்யப்படும் குட்டையான அம்பை ஆங்கிலத்தில் 'போல்ட்' என்பர். வகுப்பில் இச்சொல்லை எழுதியவுடன் பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: "போல்ட்டு நட்டா டீச்சர்?" செந்தூல் பிள்ளை அல்லவா! தாத்தா இரயில்வே பணிமனையில் வேலை செய்த வீடு. இனி நாம் அம்பு என்றே அழைப்போம்.

அந்த அம்பு மரத்தாலும் ஆகும், எலும்பாலும் ஆகும், உலோகத்தாலும் ஆகும். ஒரு மரக்கட்டையிலிருந்து 25 அம்புகள் கிடைக்கும். ஓர் உலோகக் கட்டியிலிருந்தும் 25. எலும்பு என்றால் ஒன்றுக்கு ஐந்துதான். அம்பைச் செய்துவிட்டால் மட்டும் போதாது. ஒவ்வொரு வீரனுக்கும் தோலால் செய்த தூணி வேண்டும். தூணி இல்லாதவனால் அம்பைச் சுமக்க இயலாது. தோலுக்கு விலங்கு வேண்டும், பதனிடுபவர் வேண்டும். இவை அனைத்தும் முடிந்தபின் அம்புப் பட்டியல் என்றொரு பக்கத்தைத் திறந்து, எந்தப் படைக்கு எந்த வகை அம்பு, எத்தனை, அவை பயிற்சிக்கா போருக்கா என்பதை நாமே வரையறுக்க வேண்டும். வேட்டைக்காரர்களுக்கும் அதே களஞ்சியத்திலிருந்துதான் பங்கு போகிறது.

இப்பட்டியலைக் கவனியாமல் விட்டவர்களின் கதி வேடிக்கையானது. நல்ல எஃகு அம்புகளை எல்லாம் வீரர்கள் பயிற்சிக் களத்தில் வைக்கோற்பொம்மைக்குச் சமமான இலக்கின்மேல் எய்து தீர்த்துவிடுவார்கள். பகைவன் வாசலுக்கு வரும்போது தூணியில் எஞ்சியிருப்பது எலும்பு அம்பு நான்கு. அதுவும் தீர்ந்ததும் வீரன் மதிலில் நிற்பதில்லை. கீழே இறங்கி ஓடி, கையிலுள்ள குறுக்குவில்லையே தடிபோல் பிடித்து எதிரியை அடிக்கத் தொடங்குவான். விளையாடியவர்கள் தலையில் அடித்துக்கொள்ளும் இடம் இது.

அதைவிட நுட்பமான சிக்கல் ஒன்றும் உண்டு. களஞ்சியத்தில் 300 அம்புகள் இருக்கும். வீரனின் தூணியோ வெறுமையாக இருக்கும். ஏன்? அந்த அம்பு வகையை அப்படைக்கு ஒதுக்காமல் விட்டிருக்கலாம். வேறொரு படைக்கு ஒதுக்கியிருக்கலாம். தூணியே இல்லாமலிருக்கலாம். 'இருக்கிறது' என்பதும் 'கையில் கிடைக்கிறது' என்பதும் வேறு வேறு என்னும் பாடம் இது. அலமாரி நிறையத் தாள் இருந்தும் தேர்வன்று காலையில் நகலெடுக்கத் தாள் கிடைக்காமல் ஓடிய அனுபவம் இதைப் படிக்கும் ஆசிரியர்களுக்குப் புதிதன்று என நம்புகிறேன்.

எய்த அம்புகளின் கதை தனி. அவற்றுள் சில உடையும், சில தரையில் சிதறிக் கிடக்கும். கிடப்பவற்றை மீண்டும் பொறுக்கிச் சேர்க்கலாம். ஆனால் போர் நடந்துகொண்டிருக்கும்போதே பொறுக்க ஆளை அனுப்பினால் அந்த ஆள் திரும்பமாட்டான். எனவே எய்த அம்பைத் தொடக் கூடாது என்று ஆணையிடும் வசதியையும் விளையாட்டில் வைத்திருக்கிறார்கள். ஓர் அம்பின் மதிப்பா, அதைப் பொறுக்கப் போகும் சுமையாளின் உயிரா? எந்தக் கணிதப் பாடநூலிலும் இப்படியொரு கேள்வியை நான் கண்டதில்லை.

இந்த விளையாட்டை நான் வகுப்புக்குள் கொண்டு செல்லவில்லை. அதன் காரணத்தைப் பின்னர்க் கூறுகிறேன். அதன் கணக்கை மட்டும் தாளில் எடுத்துச் சென்றேன். ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்குக் கொடுத்த பிரச்சனைக் கணக்கு இதுதான்:

கோட்டையில் 10 வில்லாளர் உள்ளனர். ஒவ்வொருவருக்கும் 25 இரும்பு அம்புகள் வேண்டும். ஓர் இரும்புக் கட்டியில் 25 அம்புகள் செய்யலாம். ஒரு தாதுக்கல்லை உருக்கினால் 4 கட்டிகள் கிடைக்கும். ஒரு கல்லை உருக்க ஒரு கரி. ஒரு கட்டியை அடித்து அம்பாக்க ஒரு கரி. ஒரு மரக்கட்டையை எரித்தால் ஒரு கரி. அப்படியானால் எத்தனை மரக்கட்டைகள் வேண்டும்?

இவ்வெண்கள் யாவும் அந்த விளையாட்டில் உள்ளவையே. நான் ஒன்றையும் மாற்றவில்லை.

250 அம்புகள், 10 கட்டிகள் என்பதுவரை எல்லாரும் வந்துவிட்டார்கள். அடுத்த படியில்தான் தடுமாற்றம். பத்தை நான்கால் வகுத்தால் ஈவு 2, மீதம் 2. பெரும்பாலோர் "2 கல், மீதம் 2" என்று எழுதி அடிக்கோடிட்டு நிமிர்ந்தார்கள். பல்லாண்டுகளாக நாம் சொல்லிக்கொடுத்தது அதுதானே! வகு, ஈவை எழுது, மீதத்தை எழுது, அடுத்த கணக்குக்குப் போ. அந்த 'மீதம் 2' எதைக் குறிக்கிறது என்று யாரும் கேட்டுக்கொள்வதில்லை.

"இரண்டு கல் உருக்கினால் எத்தனை கட்டி?" என்றேன். எட்டு என்றார்கள். "பத்து வேண்டுமே?" சற்று அமைதி. பிறகு ஒரு மாணவி மெதுவாக, "அப்போ ரெண்டு பேருக்கு அம்பு இல்ல டீச்சர்" என்றாள். அந்த ஒரு வாக்கியத்தில் மீதம் என்னும் எண்ணுக்கு முகம் வந்துவிட்டது. மீதம் 2 என்பது மிச்சப்பட்ட இரண்டு அன்று. வெறுங்கையோடு மதிலில் நிற்கும் இரண்டு பேர்.

மூன்றாவது கல்லும் வேண்டும் என்று வகுப்பு ஒப்புக்கொண்டது. மூன்று கல்லில் 12 கட்டிகள். 10 போக 2 மிச்சம். உடனே முதல் வரிசையில் ஒருவன், "அதான் டீச்சர், நான் எழுதுன மீதம் ரெண்டு சரிதானே!" என்றான். ஆசிரியர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. விடை பொருந்துகிறது, காரணம் பொருந்தவில்லை. அந்த 2 குறைவைக் காட்டுகிறது, இந்த 2 மிகுதியைக் காட்டுகிறது. இரண்டும் ஒரே எண்ணாக அமைந்தது தற்செயல். ஆகவே வில்லாளரை 11 ஆக்கினேன். 11 கட்டிகள். நான்கால் வகுத்தால் மீதம் 3. மூன்று கல் உருக்கினால் மிஞ்சுவதோ 1. இப்போது இரண்டும் பிரிந்து நின்றன, மாணவனும் ஒப்புக்கொண்டான். இக்கணக்கைப் பயன்படுத்த விரும்பும் ஆசிரியர்கள் முதலில் பத்தையும் பிறகு பதினொன்றையும் கொடுத்துப் பாருங்கள். வரிசையை மாற்றாதீர்கள்.

கரிக்கணக்கு இன்னும் சுவையானது. பத்து வில்லாளருக்கு உருக்க 3 கரி, அடிக்க 10 கரி, ஆக 13 மரக்கட்டைகள். அதே 250 அம்புகளை மரத்திலேயே செய்திருந்தால் 10 கட்டைகளே போதும். அதாவது மரமே இல்லாத இரும்பு அம்புக்கு, மர அம்பைவிடக் கூடுதலான மரம் செலவாகிறது! வகுப்பு முழுவதும் இதை நம்ப மறுத்தது. இரும்புக்கு எதற்கு மரம் என்று வாதாடினார்கள். திரும்பத் திரும்பக் கூட்டிப் பார்த்தார்கள். உயர்நிலைச் சிந்தனை, உயர்நிலைச் சிந்தனை என்று பயிலரங்குகளில் நாம் பேசுகிறோமே, அது நடக்கும்போது வகுப்பறை இப்படித்தான் இரைச்சலாக இருக்கும் போலும்.

இனி மெய்யான கோட்டை ஒன்றைப் பார்ப்போம். விளையாட்டில் அம்பு தீர்ந்த வீரன் வில்லால் அடிக்கிறான் என்றேன். அது வெறும் கேலிக்கூத்து என நினைத்தால் வேலூருக்கு வாருங்கள்.

1806 ஜூலை 10. பொழுது விடியுமுன் வேலூர்க் கோட்டையில் இந்தியச் சிப்பாய்கள் எழுச்சி செய்தனர். புதிய தலைப்பாகை, நெற்றியில் சமயக் குறி அணியத் தடை, தாடி மழிக்கும் கட்டளை ஆகியவை சினத்தைக் கிளறியிருந்தன. கோட்டைக்குள் இருந்த ஆங்கிலேயப் படை 69ஆம் படைப்பிரிவைச் சேர்ந்தது. அதில் நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். எஞ்சியவர்களில் ஏறத்தாழ அறுபது பேர் மதில்மேல் ஒரு பகுதியைப் பிடித்துக்கொண்டு நின்றனர். கையில் துப்பாக்கி இருந்தது; குண்டு தீர்ந்துவிட்டிருந்தது. ஆர்க்காட்டிலிருந்து குதிரைப்படையோடு விரைந்து வந்த கில்லெஸ்பி என்னும் தளபதி கோட்டை வாயில் வழியே நுழைய முடியாமல், மேலிருந்தோர் இறக்கிய கயிற்றைப் பற்றி மதிலேறினார். குண்டில்லாத அந்த வீரர்களைத் திரட்டித் துப்பாக்கி முனையில் செருகிய ஈட்டியாலேயே குத்திக்கொண்டு முன்னேறினார். அது நேரத்தைக் கடத்துவதற்கான உபாயம். குதிரைப்படையின் பீரங்கிகள் வந்து கதவைப் பிளந்த பின்னரே நிலைமை மாறியது. அதன்பின் சிப்பாய்கள் நூற்றுக்கணக்கில் கொல்லப்பட்டனர்.

சிப்பாய்களின் பக்கம் நின்று இவ்வரலாற்றைப் படிக்கும் நமக்கு அது துயரமான நாள். நாட்டுப்பற்றுப் பாடமாக அதைச் சொல்லும்போது வீரத்தையும் துரோகத்தையும் பழிவாங்கலையும் சொல்கிறோம்; சொல்ல வேண்டியவைதாம். ஆனால் அந்த மதிலின்மேல் அன்று காலை ஒவ்வொருவர் மனத்திலும் ஓடியிருக்கக்கூடிய கேள்வியை, 'இன்னும் எத்தனை குண்டு இருக்கிறது?' என்பதை, எந்தப் பாடத்திலும் நாம் எழுப்புவதில்லை. அக்கேள்வியை அறிந்த மாணவனுக்கு வரலாறு வேறு விதமாகத் தெரியும்.

நம் முன்னோர் இதை அறியாதவர் அல்லர். சிலப்பதிகாரத்தின் அடைக்கலக் காதையில் மதுரை மதிலின்மேல் இருந்த பொறிகள் வரிசையாகச் சொல்லப்படுகின்றன. தானே வளைந்து எய்யும் வில்பொறி, கல்லை உமிழும் கவண், கொதிக்கும் நெய், உருக்கிய உலோகத்துக்கான உலை, கல் நிறைத்த கூடை என இருபதுக்கும் மேற்பட்டவை. மாணவர்க்கு வில்பொறியும் கவணும்தாம் பிடிக்கும். எனக்குப் பிடித்தது அப்பட்டியலின் நடுவே அடக்கமாக நிற்கும் 'புதை' என்னும் சொல். அதற்கு அம்புக்கட்டு என்று உரைகாரர் பொருள் கூறுவர். எய்யும் பொறியை மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்துவிடாமல், கட்டிவைத்த அம்பையும் மதிலின் உறுப்பாகவே இளங்கோவடிகள் எண்ணியிருக்கிறார். கல்லிடு கூடையும் அப்படித்தான். கவண் இருந்தால் போதுமா, கல் வேண்டாவா?

திருக்குறளின் அரண் அதிகாரமும் இவ்வழியே செல்கிறது. உயரம், அகலம், உறுதி எல்லாம் பேசிய வள்ளுவர், உள்ளே இருப்பவர்க்கு வேண்டிய பொருள் அனைத்தும் கோட்டைக்குள்ளேயே இருக்க வேண்டும் என்கிறார். உற்ற நேரத்தில் உதவும் ஆளும் வேண்டும் என்கிறார். ஈற்றுக் குறளில், என்ன சிறப்பிருந்தும் செயற்சிறப்பு இல்லாதவரிடத்தில் அரண் இருந்தும் பயனில்லை என்று முடிக்கிறார். மனனப் போட்டிக்காக இவ்வதிகாரத்தை ஒப்பிக்கும் பிள்ளைகளிடம் மேற்சொன்ன அம்புப் பட்டியலைக் காட்டிப் பாருங்கள். பொருள் சட்டென்று விளங்கும்.

ஔவையார் தொண்டைமானிடம் தூது சென்ற கதையை நாம் அனைவரும் கற்பித்திருக்கிறோம். புறநானூற்றின் 95ஆம் பாடல். இவன் படைக்கலங்கள் நெய் பூசி, மயிற்பீலி சூடி, அரண்மனையில் அழகாக இருக்கின்றன. அதியமானின் வேல்களோ முனை முறிந்து கொல்லனின் சிறு கொட்டிலில் கிடக்கின்றன. புகழ்வதுபோல் இகழ்தல், இகழ்வதுபோல் புகழ்தல் என்று அணியைச் சொல்லி முடித்துவிடுகிறோம். அந்தக் கொல்லன் கொட்டிலுக்குள் நாம் நுழைவதே இல்லை. அதியமானின் வலிமை அவன் தோளில் மட்டுமா இருந்தது? முறிந்த வேல் திரும்பிச் செல்ல ஒரு கொட்டில் இருந்ததே, அதிலும் இருந்தது. பொன்முடியாரின் 312ஆம் பாடலில் தாயின் கடன், தந்தையின் கடன், அரசனின் கடன் ஆகியவற்றோடு வேல் வடித்துக் கொடுக்கும் கொல்லனின் கடனும் ஒரே வரிசையில் வைக்கப்பட்டிருக்கிறது. அந்த மரியாதையை நம் கதைசொல்லல் பின்னாளில் தொலைத்துவிட்டது. நாடகத்தில் அரசன் வேடத்துக்குப் பத்துக் கைகள் உயர்கின்றன. கொல்லன் வேடத்துக்கு ஆசிரியர்தான் பிடித்து இழுத்துவர வேண்டியிருக்கிறது.

செந்தூலில் இருந்துகொண்டு இதைச் சொல்ல எனக்குக் கூடுதல் காரணமுண்டு. இப்பகுதி வளர்ந்ததே இரயில்வே மையப் பணிமனையைச் சுற்றித்தான். நம் மாணவர் பலரின் பாட்டனாரும் முப்பாட்டனாரும் அங்கே இரும்பு அடித்தார்கள், கொதிகலன் பழுது பார்த்தார்கள், 'ஸ்டோர்' எனப்பட்ட கிடங்கில் ஆணியும் திருகும் எண்ணிக் கொடுத்தார்கள். இரயிலை ஓட்டியவரைப் பற்றி வீட்டில் பெருமையாகப் பேசுகிறோம். எந்த உதிரிப்பாகம் எத்தனை மிச்சமிருக்கிறது என்று கணக்கேட்டில் எழுதியவரைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அவர் எழுதாமல் விட்டிருந்தால் இரயில் பணிமனையை விட்டு நகர்ந்திராது. எண்ணிக் காப்பவர், சுமந்து சேர்ப்பவர், தீருமுன் சொல்பவர்: இவர்களுடைய பேரப்பிள்ளைகளுக்குத்தான் நான் அம்புக் கணக்குப் போடச் சொல்கிறேன்.

கிள்ளானுக்குச் செல்லும் பெற்றோர் ராஜா அப்துல்லாவின் பண்டகசாலையைப் பிள்ளைகளுக்குக் காட்டலாம். 1857இல் கட்டப்பட்ட அக்கட்டடத்தில் ஈயமும் உணவுப் பொருள்களும் படைக்கலங்களும் சேமிக்கப்பட்டன. பத்தே ஆண்டுகளில், 1867இல், சிலாங்கூர் உள்நாட்டுப் போர் மூண்டது. 1874 வரை நீடித்தது. ராஜா மஹாடியின் கோட்டை வாயிலும் கிள்ளானில் இன்றும் நிற்கிறது. வாயிலின் முன் நின்று படம் எடுத்துக்கொள்ளும் குடும்பங்கள் பல. கிடங்கையும் பாருங்கள் என்பதே என் வேண்டுகோள்.

சரி, அப்படியென்றால் பிள்ளைகளை அந்த விளையாட்டின்முன் உட்கார வைக்கலாமா? தொடக்கப்பள்ளி மாணவர்க்கு வேண்டா என்பதே என் கருத்து. அதில் வரும் போர் வருணனைகள் கொடூரமானவை. எந்த உறுப்பு எப்படிச் சிதைந்தது என்பதுவரை எழுதிக் காட்டும். ஆங்கிலம் கடினம். ஒரு கோட்டையை நிலைநிறுத்தப் பல மணி நேரம் பிடிக்கும், உறக்கம் கெடும். இடைநிலைப்பள்ளி மாணவர்கள், அதுவும் பெற்றோர் அருகிருந்தால், விளையாடுவதில் எனக்கு மறுப்பில்லை. தொடக்கப்பள்ளிக்கு ஒரு தாளும் பென்சிலும் போதும்.

ஆனால் 'எல்லா விளையாட்டும் ஒன்றே' என்று அடியோடு தடுப்பதை நான் ஏற்கமாட்டேன். அதைப் போலவே 'கல்வி விளையாட்டு' என்று பெயர் சூட்டிக்கொண்டு வரும் எல்லாவற்றையும் வரவேற்கவும் மாட்டேன். அவற்றுள் பல எப்படி இருக்கின்றன? கணக்கு வரும், நான்கு விடைகள் இருக்கும். தவறானதைத் தொட்டால் ஒன்றும் ஆகாது, மறுபடி தொடலாம். சரியானதைத் தொடும்வரை தொட்டுக்கொண்டே இருக்கலாம். தொட்டதும் நட்சத்திரம் பொழியும். மெல்லப் பயிலும் மாணவர்க்கு அச்சம் போக்க இது ஓரளவு உதவும் என்பதை மறுக்கவில்லை. எனினும் அதுவும் அம்பறாத்தூணிதான். எத்தனை முறை எய்தாலும் தீராது என்றால், எய்வதற்கு முன் ஏன் யோசிக்க வேண்டும்? ஒரு மாணவன் ஒரே நிமிடத்தில் இருபது முறை தொட்டு 'வெற்றி' பெற்றதை நான் பார்த்திருக்கிறேன். அவன் ஒரு கணக்கையும் போடவில்லை.

ஆகவே பெற்றோரே, பிள்ளையின் கையிலுள்ள திரையைப் பிடுங்குமுன் ஐந்து நிமிடம் அருகில் அமர்ந்து பாருங்கள். அவன் எதையாவது எண்ணுகிறானா? எதையாவது நாளைக்கென்று எடுத்து வைக்கிறானா? தீர்ந்துபோகும் என்ற கவலை அவனுக்கு இருக்கிறதா? இருந்தால் அந்த விளையாட்டைப் பற்றி அவனிடம் பேசுங்கள். இல்லையென்றால் நேரத்தைக் குறையுங்கள். எனக்கு ஆட்சேபம் இல்லை.

ஆசிரிய நண்பர்களுக்கு, ஆறாம் ஆண்டுக்கென நான் அமைத்த அடுத்த கணக்கை இங்கே தருகிறேன். முன் சொன்ன விதிகள் இதற்கும் பொருந்தும். தாதுக்கல்லுக்குக் குறைவில்லை எனக் கொள்க.

கோட்டையில் 40 மரக்கட்டைகள் உள்ளன. வில்லாளர் 8 பேர். ஒவ்வொருவருக்கும் போருக்கு 50 இரும்பு அம்புகளும் பயிற்சிக்கு 50 மர அம்புகளும் வேண்டும். இதற்கிடையில் 6 பேர் கொண்ட குடும்பம் ஒன்று அடைக்கலம் தேடி வந்திருக்கிறது. ஆளுக்கொரு கட்டில் செய்ய ஒவ்வொரு மரக்கட்டை ஆகும். கையிலுள்ள கட்டைகள் போதுமா? போதாதெனில் எத்தனை குறையும்? போர் அம்பு, பயிற்சி அம்பு, கட்டில் ஆகிய மூன்றில் எதைக் குறைப்பீர்கள்? ஏன்?